மறுமொழி: கான்ட்ராக்ட் கில்லர் – ‘ஒப்பந்தக் கொலைஞர்’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் குற்றவியல் சொற்பட்டியலில் ‘கான்ட்ராக்ட் கில்லர்’, அதாவது காசு வாங்கிக்கொண்டு கொலை செய்பவர், என்பதற்குத் தமிழில் ‘ஒப்பந்தக் கொலைஞர்’ என்றே போட்டுவிடலாம் எனப் பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சட்டத்துக்குப் புறம்பான வேலைக்குப் பேசிக்கொள்வதைச் சட்டம் ஒப்பந்தமாகவே ஏற்பதில்லை, அதைச் சட்டம் படிப்பவர்களும் புரட்டப்போகும் பட்டியலில் ஒப்பந்தம் என்று எழுதுவது முதல் கோளாறு. ‘ஞர்’ ஈறு அடுத்தது. அறிஞர், கலைஞர், பொறிஞர் என்று தேர்ந்தவர்களைச் சொல்லியே பழகிய ஈறு அது. கொலையோடு ஒட்டியதும் துப்பறியும் நாவல்களில் வரும் ஆள்தான் கண்முன் நிற்கிறான்: மொட்டைமாடியில் துப்பாக்கியைப் பொருத்தி, ஒரே குண்டில் முடித்து, அன்றிரவே வேறு பெயரில் கடவுச்சீட்டோடு நாடு தாண்டுகிறவன்.

வழக்குகளில் வருபவன் இவன் இல்லை. பிரிட்டனில் 1974 முதல் 2013 வரை நடந்த 27 கூலிக்கொலைகளை பர்மிங்காம் சிட்டி பல்கலைக்கழகக் குற்றவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றைச் செய்தவர்களில் ஒருவர் மட்டும் பெண். சராசரிக் கூலி 15,180 பவுண்டு, மிகக் குறைந்தது 200 பவுண்டு, அந்த 200 பவுண்டுக்குச் சுட்டவனுக்கு வயது 15. பல கொலைகள் சாதாரணக் குடியிருப்புத் தெருக்களில், கடைக்கோ நாயோடு நடைக்கோ போனவர்கள் மேல் நடந்தவை. பிடிபட்டவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு இப்படித்தானே வரும், பிடிபடாத தேர்ந்த ஆட்கள் இதில் சேரமாட்டார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார், நியாயமான கேள்விதான். ஆனால் நீதிமன்றம் தீர்ப்பெழுதுவது பிடிபட்டவர்களைப் பற்றி, நம் சொல்லும் அவர்களுக்குத்தான் பொருந்த வேண்டும்.

2019-இல் சீனாவின் நன்னிங் நகர நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கையும் பாருங்கள். தொழில் பகையில் ஒருவர் 20 லட்சம் யுவானுக்கு ஆள் அமர்த்துகிறார். வாங்கியவன் பாதியை வைத்துக்கொண்டு வேலையை இன்னொருவனிடம் தள்ள, அவன் 7,70,000-க்கு அடுத்தவனிடம், அவன் 7,00,000-க்கு அதற்கடுத்தவனிடம் என்று போய், ஐந்தாவது ஆளுக்குப் பேசியது வெறும் 1,00,000. இந்தக் காசுக்கு இது கட்டாது என்று அவன் கொல்ல வேண்டியவரையே நேரில் சந்தித்து விஷயத்தைச் சொல்லி, அவரைக் கட்டிப்போட்ட மாதிரி ஒரு புகைப்படம் எடுத்து, தன்னை அமர்த்தியவனுக்கு அனுப்பிவிட்டான். யாரும் சாகவில்லை, ஆறு பேருக்கும் சிறை.

இந்த வழக்கில் கொலையாளி என்று யாரைச் சொல்வது? குற்றம் முதல் ஆளின் ஏவலில் தொடங்கி, தரகு தரகாக இறங்குகிறது. நாளிதழ்களின் ‘கூலிக்கொலை’ நல்ல சொல், ஆனால் அதில் கூலி வாங்கியவன் மட்டுமே தெரிகிறான், கூலி கொடுத்தவர் தெரிவதில்லை. ‘கூலிப்படை’யோ வாடகைப் போர்வீரர்களுக்கும் போய்விடுகிறது. கொடுப்பவரை விட்டுவிட்டால் இந்தக் குற்றமே புரியாது. ஆஸ்திரேலியாவில் 1989–2002 வழக்குகளை எடுத்துப் பார்த்தபோது அடிக்கடி வந்த காரணம், முறிந்துபோன காதலோ மணவாழ்வோதான்.

அதனால் குற்றத்துக்கு ‘ஏவற்கொலை’ என்பதை முன்வைக்கிறேன். அமர்த்துபவர் ‘ஏவுநர்’, இடையில் நிற்பவர் ‘கொலைத்தரகர்’, கையால் செய்பவர் ‘கூலிக்கொலையாளி’. ஏவல் என்றாலே பில்லி சூனியம் நினைவுக்கு வருமே என்பீர்கள். வரட்டும், தான் மறைந்திருந்து இன்னொன்றை ஏவிக் கெடுப்பது என்ற பொருள் இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. ‘ஏவற்கொலை வழக்கில் ஏவுநரும் இரண்டு கொலைத்தரகர்களும் கைது’ என்று எழுதிப் பார்த்தேன், எங்கேயும் இடறவில்லை.

‘கொலைஞர்’ பிடித்தவர்கள் அதைக் கதைமாந்தருக்கு வைத்துக்கொள்ளலாம், நாவல் விமர்சனம் எழுத அப்படியொரு தனிச்சொல் தேவைதான். அப்புறம், ‘அசாசின்’ என்ற ஆங்கிலச் சொல் அரசியல் கொலை சார்ந்தது, அதை இதோடு கலக்காமல் தனி இழையில் பேசுவோம். ‘ஏவுநர்’ என்பதற்கு மாற்று இருந்தால் எழுதுங்கள், ‘ஏவியவர்’ போதுமா என்று எனக்கும் யோசனை இருக்கிறது.