ஏஞ்சலிஸ் சிசிக் கடைக்குப் போய் வந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். வரும் சனிக்கிழமை மணிலாவிலிருந்து அப்பாவை பிலிப்பைன்ஸின் பம்பாங்கா பகுதியில் உள்ள ஏஞ்சலிஸ் நகருக்கு அழைத்துப் போகிறேன். ரயில்வே கிராசிங் பக்கம் இருக்கும் ஆலிங் லூசிங் கடையில் சிசிக் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சிசிக் என்பது பன்றித் தலைக்கறியை வேகவைத்து, கரியில் சுட்டு, பொடியாகக் கொத்தி, வெங்காயம், கலமான்சி (எலுமிச்சை போன்ற சிறு புளிப்புப் பழம்), கோழி ஈரல் சேர்த்துச் செய்வது. மணிலாவில் பல இடங்களில் முட்டையும் மயோனைஸும் போட்டுவிடுகிறார்கள். எனக்கு பம்பாங்கா பக்குவம்தான் உசத்தி.

டாவ் பஸ் நிலையம் வரை வழி தெரியும். அப்புறம் எந்த ஜீப்னியில் (பலர் சேர்ந்து போகும் ஜீப் வண்டி) ஏற வேண்டும்? அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி வேறு. படி ஏறாமல் உட்கார இடம் கிடைக்குமா? கூட்டம் குறைவான நேரம் எது? மிளகாயைக் குறைக்கச் சொன்னால் செய்து தருவார்களா?