'பேர் வித் மீ' என்றால் பேரைச் சொல்லாதீர்கள்

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு, நாட்டிங்ஹாமில் சில வருடமாகக் குப்பை கொட்டுகிறவன் எழுதுவது. வங்கிக் கணக்கு, ஜிபி (குடும்ப டாக்டர்) பதிவு பற்றியெல்லாம் மற்றவர்கள் விவரமாகச் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது ஆங்கில வினைச்சொற்களுக்குள் திரியும் விலங்குகளைப் பற்றி.

வந்த முதல் மாதம் கேஸ் பில் விஷயமாக ஃபோன் செய்தேன். எதிர்முனையில் இருந்த பெண் 'பேர் வித் மீ' என்றார். பேர் கேட்கிறார் போலும் என்று பேரைச் சொன்னேன். மறுபடியும் அதையே சொன்னார். இந்த முறை இனிஷியலோடு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். 'கொஞ்சம் பொறுங்கள்' என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். 'பேர்' என்றால் கரடியும்தான், ஆனால் கரடிக்கும் இந்த வினைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சுமையைத் தாங்குவதும் துன்பத்தைத் தாங்குவதும் அவர்களுக்கு ஒரே வினை, நம் 'தாங்கு' மாதிரி. இப்படி வேஷம் போடுபவை இன்னும் உண்டு. 'ஸ்வாலோ' என்று விழுங்குவதற்கும் தகைவிலான் குருவிக்கும் சம்பந்தமில்லை. 'கவ்' என்றால் மிரட்டிப் பணியவைப்பது. அதில் பசு கிடையாது. 'ஹாக்' என்றால் பருந்து, ஆனால் சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கடைகள் கூடியிருக்கும் ஹாக்கர் சென்டரில் பருந்தும் கிடையாது.

நிஜமாகவே விலங்கு உள்ளே இருக்கும் வினை என்றால், இந்த ஊர்க்காரர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்று யோசித்தால் பாதி புரிந்துவிடும். ஃபெரெட் நம் கீரிப்பிள்ளை மாதிரி நீளமான பிராணி. முயல் வளைக்குள் அதை விட்டு முயலை வெளியே விரட்டுவார்கள். அதனால் 'ஃபெரெட் அவுட்' என்றால் புதைந்து கிடக்கும் தகவலைத் துருவி எடுப்பது. உங்கள் வேலையைப் பற்றி மேனேஜர் அப்படிச் சொன்னால் சந்தோஷப்படலாம்.

'பேட்ஜர்' கதைதான் பாவம். முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டையோடு வளை தோண்டி வாழும் பிராணி அது. அதன்மேல் நாய்களை ஏவிக் கடிக்கவிட்டு வேடிக்கை பார்ப்பது இங்கே ஒரு காலத்தில் பொழுதுபோக்கு. 1835இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நச்சரிப்பதற்கு அதன் பெயரே வினையாகிவிட்டது. நச்சரித்தது நாய், கடிபட்டது பேட்ஜர், கெட்ட பெயரும் பேட்ஜருக்கே. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்! வீட்டு ஓனர் 'ஸ்டாப் பேட்ஜரிங் மீ' என்று பதில் போட்டால் அவர் பொறுமை முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆனாலும் ஒழுகும் குழாயைச் சரிசெய்யும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள், எழுத்தில்.

நாயும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. நாம் நாயாய் அலைகிறோம். இவர்களுக்கு நாய் பின்னாலேயே வருகிறது. ஒரு வீரரைக் காயங்கள் 'டாக்' செய்தன என்று விளையாட்டுப் பக்கத்தில் போட்டால், விடாமல் துரத்தின என்று பொருள்.

அப்புறம், பேசும்போது ஒன்றில் கவனம் வேண்டும். உங்களைப் பற்றியே சொன்னால் இவை வேடிக்கை, அடுத்தவரைச் சொன்னால் வசவு. 'நேற்று பிரியாணியைப் பார்த்ததும் பிக் அவுட் (பன்றி மாதிரி தின்பது) செய்துவிட்டேன்', 'மேடை ஏறப் பயந்து சிக்கன் அவுட் ஆகிவிட்டேன்' என்றால் எல்லோரும் சிரிப்பார்கள். சக ஊழியரைப் பார்த்து அதையே சொல்லாதீர்கள். 'ரேட்' (எலி), 'வீசல்' (ஃபெரெட்டின் உறவுக்காரப் பிராணி) இரண்டையும் ஆபீஸில் வாயிலேயே எடுக்க வேண்டாம். காட்டிக்கொடுப்பதும் நழுவுவதும் அவை.

'ஃபிஷிங்' மட்டும் சிரிப்பு விஷயம் இல்லை. புதிதாக வந்தவர்களுக்குப் பார்சல், வரி ரீஃபண்ட் என்று தூண்டில் மெசேஜ்கள் வந்துகொண்டே இருக்கும். லிங்கைத் தொடாமல் 7726 என்ற எண்ணுக்கு ஃபார்வர்ட் செய்யுங்கள், காசு பிடிக்க மாட்டார்கள்.

கடைசியாக வாத்து. 'டக்' என்ற வினைதான் முதலில் வந்தது. முங்கிக் குனிவதால் பறவைக்கு அந்தப் பெயர். உத்தரம் தாழ்வாக உள்ள பழைய பப்களில் 'டக் ஆர் க்ரௌஸ்' என்று பலகை மாட்டியிருப்பார்கள். இரண்டும் பறவைப் பெயர், இரண்டும் வினை: குனி, இல்லாவிட்டால் முனகு. அங்கே சரி, குனியுங்கள். ஆனால் எங்கள் ஊரில் 'மீ டக்' என்றால் 'கண்ணு' மாதிரி ஒரு செல்ல அழைப்பு. முதல் வாரம் பஸ் டிரைவர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு 'டக்' என்றதும் நான் தலையைக் குனிந்ததை என் மனைவி இன்னும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.