கொக்கி வைக்க மட்டும் மனசு வரமாட்டேன் என்கிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் தோழிகளே. வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். அளவெடுப்பது, வெட்டுவது, மிஷினில் ஓட்டுவது எல்லாம் உற்சாகமாகவே போகிறது. லைனிங் பிளவுஸ் என்றாலும் அலுப்பில்லை. கைவேலை என்று வந்தால்தான் மனசு நழுவுகிறது. கொக்கி, அதை மாட்டுகிற நூல் கண்ணி, கழுத்து ஓரத்தை மடித்துக் கையால் தைக்கிற எம்மிங், கடைசியில் பிசிறு நூல் வெட்டுவது. இவ்வளவுதான் பாக்கி என்று மடித்து வைத்த பிளவுஸ்கள் கட்டைப்பையில் சேர்ந்துகொண்டே போகின்றன. ஆவணி முகூர்த்தம் வேறு நெருங்குகிறது. கேட்டு போன் வந்தால்தான் ஊசியை எடுக்கிறேன்.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்கிற பொமோடோரோ முறையைச் செய்து பார்த்தேன். இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ மாணவராக இருந்தபோது, 1980களின் கடைசியில், தக்காளி வடிவ டைமரை வைத்துத் தொடங்கியதாம். வெட்டும் வேலைக்குச் சரியாக வந்தது. கைவேலையில் அலாரம் அடிக்கும்போது கொக்கி பாதியில் நிற்கிறது. ஓய்வு என்று போனை எடுத்தால் அது 5 நிமிடத்தில் முடிகிற காரியமா!

படுக்கும் முன் ஊசியில் நூல் கோத்து, கொக்கிகளைக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டால் காலையில் உட்கார்வது சுலபமாக இருக்கிறது. ஆனால் இரண்டாவது பிளவுஸைத் தொட மனம் வருவதில்லை.

தையல் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் அன்றன்றே முழுசாக முடிக்கிறீர்களா, இல்லை சேர்த்து வைத்து ஒரே நாளில் கொக்கி வைக்கிறீர்களா? கைவேலையை வெளியே கொடுப்பவர்கள் பிளவுஸுக்கு எவ்வளவு தருகிறீர்கள்? "ரேடியோ கேட்டுக்கொண்டே செய்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.