அம்மாவோடு புக்கிட் பிந்தாங் போன நாள்

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். கே.எல். (கோலாலம்பூர்) என்றால் அவருக்குப் பத்துமலை முருகன் கோயில்தான். தைப்பூசத்துக்குப் போய் வருவதோடு சரி. போன மாதம் கடைவீதியான புக்கிட் பிந்தாங்கைக் காட்ட, எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் இ.டி.எஸ். ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி மோனோரயில் பிடித்தோம். அடுத்த நிலையமே "துன் சம்பந்தன்". அறிவிப்பைக் கேட்டதும் அம்மா நிமிர்ந்து, "நம்ம ஊர்க்காரரு" என்றார், பக்கத்தில் இருந்தவருக்கும் கேட்கும்படி. அமைச்சராக இருந்த அந்தச் சம்பந்தன், தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தாத்தா மாதம் பத்து வெள்ளி கட்டிய கதை முடிவதற்குள் புக்கிட் பிந்தாங் வந்துவிட்டது.

பெவிலியன் பேரங்காடி முன்னால் கிண்ணங்களை அடுக்கியது போல ஒரு பளிங்கு நீரூற்று. அதில் செம்பருத்திப் பூவைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார். ஆனால் உள்ளே ஒரு கடையின் கண்ணாடிக் கதவருகே போனதும் செருப்பைக் கழற்றிவிட்டார். தோட்டத்துத் துரையின் பங்களா வாசலில் அப்படியே நின்று பழகிய தலைமுறை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கடையில் வேலை செய்யும் பெண் ஓடி வந்து, "செருப்ப போட்டுக்குங்கம்மா, தரை சில்லுன்னு இருக்கும்" என்றது. சுங்கை பட்டாணி பக்கம் ஒரு தோட்டமாம். "இன்னும் மரம் வெட்டுறாங்களா அங்க?" என்று அம்மா கேட்க, "எல்லாம் செம்பனைதாம்மா இப்ப, எண்ணெய்ப் பனை" என்றது. அப்புறம் தன் ஓய்வு நேரம் முழுவதும் எங்களோடு உட்கார்ந்திருந்தது. நாங்கள் எதுவும் வாங்கவில்லை. அம்மா இன்றும் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேசுகிறார்.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு ஒன்று: பெவிலியனிலிருந்து இரட்டைக் கோபுரம் இருக்கும் கே.எல்.சி.சி. பக்கம் போகக் குளிரூட்டிய நடைபாலம் உண்டு. வெயில் இல்லை, ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்.

*

மேலே எழுதியவரைப் போல நானும் சுங்கை சிப்புட்தான். எண்பதுகளில் அப்பாவோடு பஸ்ஸில் கே.எல். புடுராயா நிலையத்தில் இறங்கி, தீபாவளித் துணி எடுக்க புக்கிட் பிந்தாங்கில் இருக்கும் சுங்கை வாங் பிளாசாவுக்கு நடந்தே போவோம். புடு சிறைச்சாலை மதிலில் நீளமாகத் தீட்டியிருந்த ஓவியத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சுற்றிப் போகச் சொல்லி அடம்பிடிப்பேன். அது கைதி ஒருவர் வரைந்தது என்று அப்பா சொன்ன அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. சிறை இருந்த இடத்தில் இப்போது லாலாபோர்ட் பேரங்காடி, 2022-இல் திறந்தார்கள். பழைய வாசல் வளைவை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். என் பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தேன்.

*

என் மகளும் புக்கிட் பிந்தாங்கில்தான் ஒரு ஒப்பனைப் பொருள் கடையில் நிற்கிறாள். நான்கு வருடமாகிறது, நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. முதல் பதிவைப் படித்ததும் அவளுக்கு போன் போட்டேன். சனி, ஞாயிறு கூட்டம் தாங்காதாம், செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள்.