ஆன்லைன்ல ஆஃப்தால்மாலஜி க்ளினிக்ஸ் எப்படி நடத்துறீங்க?

தெற்குச்சீமை டாக்டரம்மா (ஜூன் 2021)

வணக்கம். ஒரு மெடிக்கல் காலேஜ்ல கண் துறை அசிஸ்டென்ட் ப்ரொஃபசரா இருக்கேன். போன வருஷம் மார்ச் லாக்டவுன்லேருந்து ஜூம்தான், நடுவுல கொஞ்ச நாள் பசங்க வந்தாங்க, ரெண்டாவது அலையில திரும்ப வீட்டுக்கு அனுப்பியாச்சு. தியரி எப்படியோ ஓடிடுது, பேஷன்ட்டை நேர்ல பார்த்துக் கத்துக்கற க்ளினிக்ஸ்தான் கையை விட்டுப் போகுது. போன வாரம் ஒரு பையன்கிட்ட ஆர்ஏபிடி (ஒரு கண்ணுல வெளிச்சம் அடிச்சா மத்த கண்ணுல அடிக்கறதைவிட கண்மணி கம்மியா சுருங்கறது) கேட்டேன், டெஃபனிஷன் ஒரு எழுத்து பிசகாம சொன்னான், சரிப்பா டார்ச்சை ஒவ்வொரு கண்ணுலயும் எவ்வளவு நேரம் நிறுத்துவ, மாத்தும்போது எதைப் பார்ப்பன்னா பதிலே இல்ல. அவன் மேல தப்பு சொல்ல முடியாது, அவன் இன்னும் ஒரு பேஷன்ட் கண்ணைக்கூட கிட்டப் போய்ப் பார்த்ததில்ல. 150 பேரும் இப்படியே ஹவுஸ் சர்ஜன் ஆயிடுவாங்களோன்னு ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

பழைய ஓபி

மேடம், 150 பேரை மொத்தமா வச்சு க்ளினிக்ஸ் நடத்தவே முடியாது. நான் பத்துப் பத்துப் பேரா பிரிச்சுட்டேன். ஒவ்வொருத்தரும் வீட்டுல காய்ச்சல் சளி இல்லாத ஒருத்தரை, அவங்க சம்மதத்தோட உட்கார வச்சு, இமையிலேருந்து லென்ஸ் வரைக்கும் வரிசையா பார்த்து ரெண்டு நிமிஷ வீடியோ அனுப்பணும், முகம் தெரியக்கூடாது, கண்ணு மட்டும்.

ஒரு பொண்ணு அவ அப்பத்தாவைத் திண்ணையில உட்கார வச்சு எடுத்திருந்தா. பொழுது சாயுற நேரம், பென் டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிச்சிருக்கா, பியூப்பில் (கண்மணி) சாம்பலா இருக்கு, அதுல ஐரிஸோட (கண்மணியைச் சுத்தி இருக்கிற நிற வளையம்) நிழல் பிறை மாதிரி விழுது. ஐரிஸ் ஷேடோ! ஐரிஸுக்கும் வெள்ளை விழுந்த பகுதிக்கும் நடுவுல இன்னும் தெளிவான லென்ஸ் மிச்சம் இருக்கு, அதனால நிழல், அதனால இம்மெச்சூர் கேட்டராக்ட், அதாவது இன்னும் முத்தாத கண்புரை, முழுசா முத்திட்டா நிழலே விழாது. இதை எத்தனையோ தடவை படம் போட்டு நடத்தியிருக்கேன், அந்த வீடியோவைப் பார்த்தப்பதான் பத்துப் பேருக்கும் ஒரே நேரத்துல புரிஞ்சுது. அப்பத்தாவுக்கு வயசாச்சுல்ல, பார்வை மங்கத்தான் செய்யும்னு வீட்டுல விட்டிருக்காங்க, இப்ப ஆபரேஷனுக்குப் பேர் கொடுத்தாச்சு.

ஆனா ஒண்ணு, ஃபண்டஸ், அதாவது கண்ணோட உள் பின்பக்கத்தைப் பார்க்கறது, ஆன்லைன்ல வராது, வந்துடும்னு பசங்களை நம்ப வைக்காதீங்க. அதைப் பார்க்கற டைரக்ட் ஆஃப்தால்மோஸ்கோப் கருவியைப் பிடிச்சா பேஷன்ட் மூச்சு நம்ம கன்னத்துல படும். வூஹான்ல கோவிட் பத்தி எச்சரிக்கை பண்ணின லீ வென்லியாங் கண் டாக்டர்தானே, க்ளூகோமாவுக்கு (கண் அழுத்த நோய்) வந்த ஒருத்தர்கிட்டேருந்துதான் அவருக்குத் தொத்தியிருக்கும்னு சொன்னாங்க. ஸ்லிட் லேம்ப் (கண்ணைப் பெருசாக்கிக் காட்டுற மைக்ரோஸ்கோப்), ஃபண்டஸ் ரெண்டுக்கும் காலேஜ் திறந்ததும் தனியா போஸ்டிங் கேட்டு இப்பவே டீனுக்கு எழுதிப் போடுங்க.

மலையூர் மாணவன்

மேம், நான் ஸ்டூடன்ட், பசங்க பக்கம் சொல்றேன். எங்க ஊர்ல டவர் கிடைக்கணும்னா தண்ணி டேங்க் மேட்டுக்குப் போகணும், மழை வந்தா கிளாஸ் போச்சு. கேமராவை ஆஃப் பண்றது அக்கறை இல்லாம இல்ல மேம், ஆன் பண்ணா உங்க வாய்ஸ் கட்டாகும். ரெக்கார்ட் பண்ணி சின்ன சின்ன ஆடியோவா, படத்தோட வாட்ஸ்அப்ல போட்டாப் போதும், ராத்திரி இறக்கிக் கேட்டுக்குவோம்.

எனக்கு மனசுல நின்னது ஆட்டுக் கண்ணுதான். போன வருஷம் எங்க சார் கறிக்கடையில கேட்டு வாங்கி வீட்டுலயே வெட்டிப் பார்க்கச் சொன்னாரு. லென்ஸை எடுத்து பேப்பர் மேல வச்சேன், அடியில இருந்த எழுத்து பெருசா தெரிஞ்சுது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உள்ள பின்பக்கம் நீலமும் பச்சையுமா மின்னுச்சு, ஏதோ நோய்னு நினைச்சு பயந்துட்டேன், அது டேப்பீட்டம், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கற படலம், ராத்திரி ஆட்டுக் கண்ணு பளபளக்குறது அதனாலதான், மனுஷனுக்குக் கிடையாதுன்னு சார் சொன்னாரு.

கண்ணாடிக்காரர்

ஹிஸ்டரி எடுக்கறதை ஃபோன்லயே நல்லா சொல்லித் தரலாம். நான் பேஷன்ட் மாதிரி பேசுவேன், "தம்பி, கண்ணு செவந்திருக்கு, ஏதாவது சொட்டு மருந்து சொல்லுப்பா"ன்னு. பார்வை குறைஞ்சிருக்கா, வலி இருக்கா, லைட்டைச் சுத்தி வட்டம் தெரியுதா, கான்டாக்ட் லென்ஸ் போடுறீங்களான்னு கேட்காம மருந்து பேர் சொன்னா மறுபடியும் முதல்லேருந்து. இப்ப மியூகர் (கறுப்புப் பூஞ்சை) நேரம் வேற. கோவிட் வந்து ஸ்டீராய்டு போட்ட சுகர் பேஷன்ட், ஒரு பக்கம் முகம் வலி, இமை வீக்கம், ரெட்டையா தெரியுதுன்னு சொன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரின்னு அவங்க வாயிலேருந்து வரணும். சொந்தக்காரங்க ஃபோன் முதல்ல இந்தப் பசங்களுக்குத்தானே வருது.

தெற்குச்சீமை டாக்டரம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தம்பி, கேமரா விஷயம் நான் யோசிக்கவே இல்ல, இனிமே ஆன் பண்ணச் சொல்லி யாரையும் திட்ட மாட்டேன். வியாழக்கிழமை முதல் பேட்ச்சுக்கு வீட்டு வீடியோ கொடுக்கப் போறேன். ஒரு சந்தேகம், பார்வை அளக்கற ஸ்னெல்லன் சார்ட்டை ஃபோன்ல காட்டினா எழுத்து அளவு மாறிடுமே?

கண்ணாடிக்காரர்

மாறும் மேடம், ஃபோன் வேண்டாம். பிரின்ட் எடுத்து ஸ்கேல் வச்சு அளக்கச் சொல்லுங்க, 6/60 எழுத்து (மேல இருக்கிற பெரிய எழுத்து) கிட்டத்தட்ட 87 மில்லிமீட்டர் உயரம் இருக்கணும். சார்ட்டுக்கும் ஆளுக்கும் நடுவுல வேணுங்கற 6 மீட்டர் நீளம் வீட்டுக்குள்ள கிடைக்காது, முற்றமோ தெருவோ பார்த்துக்கலாம், வெயில் கண்ணுல அடிக்காம இருந்தா சரி.