ஏற்றத்தில் டிரெய்லர் இழுத்தால் டிரான்ஸ்மிஷன் ஆயில் 238 டிகிரி. ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் வாங்கணுமா?

பாலைவனவாசி:
அரிசோனாவில் இருக்கிறேன். வண்டி 2015 அரை டன் பிக்கப், 6 கியர் ஆட்டோமேட்டிக், 92,000 மைல் ஓடியது. (கம்பெனி பெயர் வேண்டாம், அந்தச் சண்டையிலேயே இழை முடிந்துவிடும்.) போன மாதம் 26 அடி டிராவல் டிரெய்லர் ஒன்று பழசாக வாங்கினோம்.

சனிக்கிழமை மதியம் பீனிக்ஸிலிருந்து ஃப்ளாக்ஸ்டாஃப் கிளம்பினோம். ஐ-17ல் பிளாக் கேன்யன் சிட்டி வரை டிரான்ஸ்மிஷன் ஆயில் 195 ஃபாரன்ஹீட். சன்செட் பாயிண்ட் ஏற்றத்தில் கிடுகிடுவென 238! ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டேன். வெளியே 104. டிரெய்லர் இழுப்பதற்கான டோ/ஹால் மோடு போட்டுத்தான் இருந்தேன். பெரிய கூலர் மாட்டினால் தீருமா? மனைவி டிரெய்லரையே விற்கச் சொல்கிறாள்.

ஹூஸ்டன் ராசு:
கூலர்தான் சகோ. தட்டுகளை அடுக்கின மாதிரி வர்றதை வாங்குங்க, வளைஞ்ச குழாய் மாடல் வேண்டாம்.

டீசல் மாமா:
அவசரப்படாதீங்க தம்பி. ஏத்தத்துல கியர் மாறாமலே ஆர்பிஎம் முள்ளு ஏறி இறங்குச்சா? டிரெய்லரை எடை போட்டீங்களா? ரேடியேட்டர் பக்கம் டார்ச் அடிச்சுப் பார்த்தீங்களா?

சூடானதும் எஞ்சினை மட்டும் அணைக்காதீங்க. பம்பு நின்னுடும், கொதிக்கிற ஆயில் கூலருக்குப் போகாம அங்கேயே கிடக்கும். பார்க்ல போட்டு 1,200 ஆர்பிஎம்ல அஞ்சு நிமிஷம் ஓடவிடுங்க.

பாலைவனவாசி:
லாரி நிறுத்தத்தில் எடை போட்டேன், டிரெய்லர் 6,740 பவுண்ட். இந்த பிக்கப் இவ்வளவு இழுக்கும் என்று கம்பெனி விளம்பரத்தில் சொன்ன அளவுக்குள்தான். ஏற்றத்தில் 3க்கும் 4க்கும் மாறி மாறித் தாவியது. நாலில் இருக்கும்போதே மிதித்தால் முள் 2,400லிருந்து 2,800 போய் வந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தால்... முன்பக்கம் பளிச். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பஞ்சு மெத்தை! பூச்சி, தூசு, புல் விதை.

டீசல் மாமா:
அந்த 400 ஆர்பிஎம்தான் உங்க சூடு. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கிற டார்க் கன்வர்ட்டர்ங்கிறது எதிரெதிரா வெச்ச ரெண்டு விசிறி, நடுவுல ஆயில். ஒண்ணு வேகமாவும் இன்னொண்ணு மெதுவாவும் சுத்தினா அந்த வித்தியாசம் பூரா ஆயிலைக் கடைஞ்சு சூடாக்கும். உள்ள இருக்கிற லாக்கப் கிளட்ச் ரெண்டையும் பூட்டிட்டா கடைசலே இல்லை. நாலாவது கியர்ல திணறும்போது கம்ப்யூட்டர் பூட்டை விட்டுடுது.

அதனால ஏத்தம் தொடங்கறதுக்கு முன்னாடியே மேனுவல் மோடுல 3க்கு இறக்கி மணிக்கு 50 மைல்ல போங்க. 3,000 கிட்ட நிக்கும். கத்துதேன்னு பயப்படாதீங்க, பெட்ரோல் எஞ்சின் அதுக்குத்தான் இருக்கு.

சமதரையில 195 கோளாறு இல்லை. உள்ள ஒரு தெர்மோஸ்டாட் வால்வே ஆயிலைச் சூடா வெச்சிருக்கும். நீங்க சொன்ன விளம்பர அளவு எஸ்ஏஇ ஜே2807ங்கிற இழுவைச் சோதனைப்படி வர்றது. உங்க அரிசோனாவுலயே டேவிஸ் டேம் ஏத்தம், 11.4 மைல், ஏசி ஓடணும், 40 மைலுக்குக் கீழே போகக்கூடாது. ஆனா அது புது வண்டி, நடுவுல புல் விதை கிடையாது!

ஆயில் எப்ப மாத்தினீங்க?

பாலைவனவாசி:
மாற்றியதே இல்லை மாமா.

டீசல் மாமா:
🤦 வண்டியோட கையேட்டுல போட்டிருக்கிற ஆயிலையே ஊத்துங்க. டெக்ஸ்ரான் 6ங்கிற ரகம்னா அதேதான். எல்லா வண்டிக்கும் ஆகும்னு எழுதின டப்பா வேண்டாம்.

திம்பம் லாரிக்காரன்:
எங்களுக்கு கன்வர்ட்டர் இல்லை, கிளட்ச் தட்டுதான். ஆனா திம்பம் மலைப்பாதையோட 27 வளைவுலயும் இதே கதைதான். திணறின பிறகு கியர் இறக்கினா தட்டு கருகும்.

பாலைவனவாசி:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எஞ்சின் பக்கமிருந்து முன்னால் காற்றடித்து, மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாச்சு; பழைய ஆயில் டிக்காஷன் நிறம். நேற்று காலை 5 மணிக்கு அதே டிரெய்லர், அதே ஏற்றம், 3ல் வைத்து 50 மைல். உச்சம் 211. கூலர் தேவையில்லை போல!

டீசல் மாமா:
வெளியே எவ்வளவு?

பாலைவனவாசி:
84.

டீசல் மாமா:
அப்ப 20 டிகிரி காலைக் காத்து கொடுத்தது. மதியம் ஒருதரம் ஏறிட்டுச் சொல்லுங்க. 220 தாண்டி நின்னுச்சுன்னா ராசு சொன்ன கூலரை வாங்கலாம்.

பாலைவனவாசி:
சரி மாமா, அடுத்த சனிக்கிழமை மதியம். மனைவி வரமாட்டாளாம்.