முதல் அமெரிக்கப் பயணம்: மிருதங்கக் கலைஞரின் ஒரு நாள் உண்மையில் எப்படி இருக்கும்?

மந்தைவெளி வாசி எழுதியது:

இசை அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் பதினைந்து ஆண்டுகளாகச் சென்னை சபாக்களில் மிருதங்கம் வாசித்து வருகிறேன். வரும் ஏப்ரலில் முதன்முறையாக அமெரிக்கா செல்கிறேன். ஆறு வாரங்களில் பதினான்கு கச்சேரிகள். பாடுபவர் ஐந்து கட்டை சுருதி. கிளீவ்லாந்தில் 1978 முதல் நடந்து வரும் தியாகராஜ ஆராதனையை ஒட்டிப் பயணம் தொடங்குகிறது. கலைஞர்களுக்கான பி-3 விசா கைக்கு வந்துவிட்டது.

மார்கழியில் ஒரே நாளில் மூன்று சபாக்களில் வாசித்திருக்கிறேன் என்பதால் களைப்பு எனக்குப் புதிதல்ல. ஆனால் போய்வந்த நண்பர்களிடம் கேட்டால், பார்த்த ஊர்களையும் சாப்பிட்ட விருந்துகளையும் சொல்கிறார்களே தவிர, காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை ஒரு நாள் எப்படிக் கழியும், எங்கே சறுக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

வலந்தலை எழுதியது:

தம்பிக்கு வணக்கம். ஏழு முறை போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே கச்சேரி நடக்கும் இரண்டரை மணி நேரம்தான் நாளின் சுலபமான பகுதி. மற்ற நேரமெல்லாம் வாத்தியத்தைக் காப்பாற்றுவதிலும் தூக்கத்தைத் தேடுவதிலும் போய்விடும்.

கச்சேரிகள் பெரும்பாலும் சனி, ஞாயிறு மாலைகளில்தான் இருக்கும். ஏப்ரலில் கிளீவ்லாந்துக்கும் சென்னைக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். மாலை நான்கு மணிக்கு நீங்கள் மேடையேறும்போது உங்கள் உடம்புக்கு நள்ளிரவு ஒன்றரை மணி. முதல் வாரத்தில் கை ஓடும், தாளக் கணக்கு ஓடாது. முத்தாய்ப்பாக வாசிக்கும் கோர்வையில் ஓர் இடம் நழுவிவிடும். ஆகவே தொடக்கக் கச்சேரிகளில், தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் புதிய கணக்குகளைப் பரீட்சை செய்யாதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். வீடு முழுவதும் உறங்கும் நேரத்தில் வாசிக்க முடியாது, தொடையில் தட்டிப் பார்ப்பதுதான் சாதகம்.

அடுத்தது தோல். சென்னையில் நாம் பழகியது ஈரக்காற்றில் இறங்கும் சுருதியோடு மல்லுக்கட்டுவது. அங்கே கதை தலைகீழ். ஏப்ரலிலும் பல வீடுகளில் ஹீட்டர் ஓடும், காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும், தோல் இறுகிச் சுருதி ஏறும். என் இரண்டாவது பயணத்தில், தங்கியிருந்த வீட்டின் பெரியவர், "குளிரில் கிடக்க வேண்டாமே" என்ற நல்ல எண்ணத்தில், என் மிருதங்கத்தை எடுத்துத் தரையிலிருந்து சூடான காற்று வரும் கம்பித் தட்டியின் அருகே வைத்துவிட்டார். காலையில் உறையைக் கழற்றினேன்; வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தலையின், சுருதி அரைக்கட்டை ஏறியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. அதன் நடுவிலுள்ள கறுப்பு வட்டமான கரணையில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் கிழக்கு மேற்காக ஓடியிருந்தது; விரல் வைத்தால் கறுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. மீட்டு என்னும் கணீர் ஒலி செத்துவிட்டது. மயிலாப்பூரில் என்றால் மதியத்துக்குள் மூட்டு, அதாவது தோல் தலை, மாற்றிக்கொண்டு வந்திருப்பேன், அங்கே யாரைத் தேடுவது? துணைக்குக் கொண்டுபோயிருந்த இன்னொன்றுதான் அன்று மானத்தைக் காத்தது.

அதன் பிறகு ஓட்டைகள் போட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சை வைத்து, தோலில் படாதபடி உறைக்குள் போட்டுவிடுகிறேன். காரின் பின்பெட்டியில் நான்கு மணி நேரம் குளிர்ந்து கிடந்த வாத்தியத்தை அரங்கத்துக்குள் கொண்டுவந்த உடனே சுருதி சேர்க்காதீர்கள். முக்கால் மணி நேரமாவது அந்த அறையின் காற்றுக்குப் பழகட்டும். பிறகு சுருதி சேர்க்கத் தட்டும் கல்லையும் மரக்கட்டையையும் எடுங்கள். மேடை விளக்கின் சூட்டில் மறுபடியும் ஏறும், அதற்கும் ஆயத்தமாக இருங்கள். வாருக்குப் பதில் திருகாணியால் இறுக்கும் நட்டு போல்ட் மிருதங்கம் ஒன்றைத் துணைக்கு எடுத்துச் செல்வது நல்லது. நாதம் சற்றுக் குறைவு என்பது என் கட்சி, ஆனாலும் நடுவழியில் கைகொடுக்கும்.

வில்லும் தந்தியும் எழுதியது:

வலந்தலை அண்ணா சொன்ன அனைத்தும் உண்மை. வயலின்காரி என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

2012-இல் வந்த அமெரிக்கச் சட்டத்தின்படி, ஏறும் நேரத்தில் தலைக்கு மேலுள்ள தட்டிலோ இருக்கைக்கு அடியிலோ இடம் இருந்தால், அந்நாட்டு விமான நிறுவனங்கள் சிறு வாத்தியங்களைக் கையோடு அனுமதிக்க வேண்டும். ஆகவே வயலின்காரர்கள் வரிசையில் முந்திக்கொள்ள வேண்டும். மிருதங்கத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை, சரக்கறையில்தான் போகும். தோல் வார்களைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு தலைகளுக்கும் மெத்தை வைத்துக் கட்டிப் போடுங்கள்.

இரண்டாவது, விருந்தோம்பல். பெரும்பாலும் ஓட்டலில் அல்ல, ரசிகர் வீடுகளில்தான் தங்குவோம். அவர்கள் காட்டும் அன்புக்கு ஈடு கிடையாது. ஆனால் கச்சேரி முடிந்து இரவு பத்தரைக்கு வீடு திரும்பினால், சாம்பார், ரசம், இரண்டு கறி, பாயசத்தோடு இருபது பேர் காத்திருப்பார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுத்த ஊருக்குக் கார். "மன்னியுங்கள் மாமி, எனக்குத் தயிர்சாதம் போதும், படுக்கப் போகிறேன்" என்று சொல்ல எனக்கு மூன்று பயணங்கள் ஆயின. முதல் பயணத்தில் ஒவ்வோர் இரவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, நான்காவது வாரத்தில் காய்ச்சலில் விழுந்தேன்.

முன்னாள் சபா செயலாளர் எழுதியது:

நியூ ஜெர்சியில் பன்னிரண்டு ஆண்டுகள் கச்சேரிகளை ஏற்பாடு செய்துவிட்டு, இப்போது அடையாற்றுக்குத் திரும்பிவிட்டேன். எங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும் அல்லவா?

வலந்தலை அவர்கள் முக்கால் மணி நேரம் கேட்கிறார். பள்ளிக்கூட அரங்கத்தை நாங்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். கதவு திறப்பதே பல நேரங்களில் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்புதான், அதற்குள் கம்பளம் விரித்து, மைக் வைத்து, ஒலியும் பார்க்க வேண்டும். முடிவு நேரம் தாண்டினால் கூடுதல் கட்டணம். எனவே வாத்தியத்தைப் பின்பெட்டியில் போடாமல், காரின் உள்ளே பின்இருக்கையில் வைத்துக் கொண்டுவரச் சொல்வேன். வரும் வழியிலேயே பழகிவிடும். இதை முன்கூட்டியே சொன்னால் எந்த அமைப்பாளரும் மறுக்கமாட்டார். ஒலி பார்ப்பவர் மிருதங்கத்தையே பார்த்திராத இளைஞராக இருக்கலாம். இடப்பக்கத் தலையான தொப்பிக்கு ஒரு மைக், வலந்தலைக்கு ஒரு மைக் என்று நீங்களே பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகும் சென்னை வழக்கம் அங்கே கிடையாது. அங்கே கேன்டீன் கிடையாது என்பதும் ஒரு காரணம்.

மந்தைவெளி வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. துணை மிருதங்கத்தையும் சோப்பு டப்பாவையும் குறித்துக்கொண்டேன். ஒன்று மட்டும்: கனத்த ஒலிக்காகத் தொப்பியில் பூசும் ரவையை இங்கிருந்தே எடுத்துச் செல்ல வேண்டுமா?

வலந்தலை எழுதியது:

வேண்டாம் தம்பி. எந்த இந்திய மளிகைக் கடையிலும் கிடைக்கும். சுங்கத்தில் அறிவிக்க வேண்டிய உணவுப்பொருள் ஒன்று குறைந்தாலே நிம்மதி. ஆனால் அந்த ஊர்க் காற்றில் ரவை சீக்கிரம் காய்ந்து உதிரும். சென்னையில் பிசைவதைவிடச் சற்றுத் தளர்வாகப் பிசைந்து, ஒரு சிறு டப்பாவில் ஈரத்துணி போட்டு மூடி, மேடையில் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.